பாளையங்கால் கரையில் எடுத்த படம்

பாளையங்கோட்டையில் அன்றைக்குக் கேமரா வைத்திருந்த பெண்பிள்ளை சாலோமி ஒருத்திதான். அவள் அப்பா ஞானையா, கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் படம் எடுத்துக் குடும்பம் நடத்தியவர். ஆண்பிள்ளை இல்லாத வீடு. அவர் கருப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டால், வெளியே நின்று வெளிச்சம் பார்த்துச் சொல்வது மகளின் வேலை. அவர் காலமானபோது கேமராவை விலைக்குக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். சாலோமி கொடுக்கவில்லை. கல்யாணமாகி சத்தியநேசன் வீட்டுக்கு வந்தபோது, பித்தளைப் பாத்திரங்களோடு அதுவும் வண்டியில் வந்து இறங்கியது.

சத்தியநேசன் மிஷன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவன். ஐரோப்பா வரைபடத்தைக் கரும்பலகையில் பார்க்காமல் போடுவான். பக்கத்திலிருக்கும் கொக்கிரகுளத்துக்கு வழி கேட்டால் யோசிப்பான். சென்னையில் வெளிவந்துகொண்டிருந்த ஒரு படப் பத்திரிகைக்கு மனைவி எடுத்த படத்தை முதன்முதலில் அனுப்பிவைத்தவன் அவன்தான். வறண்ட ஆற்றில் மணலைத் தோண்டி ஊற்றுநீர் எடுக்கும் பெண்களின் படம். அடுத்த மாதமே அச்சாகி வந்தது. கீழே ‘எஸ். சத்தியநேசன்’ என்று போட்டிருந்தார்கள். பார்சலில் இருந்த பெயரைப் போட்டுவிட்டார்கள் போல என்று இருவரும் சிரித்துக்கொண்டார்கள். பத்திரிகையாசிரியர் இன்னும் படங்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார். சாலோமிக்கு அன்றைக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

கல்யாணத்துக்குப் படம் எடுப்பது வேறு. அங்கே எல்லாரும் கேமராவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். யாரும் யாருக்காகவும் நிற்காத இடத்தில், நடப்பதை நடந்தபடியே பிடிப்பது வேறு வேலை. அந்த வேலைதான் தனக்கு என்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

முதல் பிள்ளை உண்டானதும் அந்த வருஷம்தான். எட்டாம் மாதத்தில், சாத்தான்குளத்துப் பக்கம் பனங்காடு தீப்பிடித்தது என்று கேள்விப்பட்டு, மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்துவந்தாள். வந்து ஒரு வாரம் ஆகவில்லை, வலி கண்டது. பெண் குழந்தை. தலை நிறைய முடி. அழவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். தெருவில் யாரும் அவள் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. ஆனால் ‘வண்டிக் குலுக்கல்’, ‘படம் கழுவுற மருந்துத் தண்ணி நெடி’ என்ற பேச்சு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டே இருந்தது. மாமியார் சாரம்மாள் கேமராப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி மேலே ஒரு சாக்கைப் போட்டாள். சாலோமி தடுக்கவில்லை. ஊர் சொன்னதை ஊரைவிட அதிகமாக நம்பியவள் அவள்தான்.

ஏறக்குறைய ஒரு வருஷம் அந்தச் சாக்கு அப்படியே கிடந்தது. ஆனால் கண் சும்மா இருக்குமா? சந்தைக்குப் போனால், வெற்றிலைக்காரி கூடையைத் தூக்கும் நேரம் பார்த்து, படம் எடுக்கும்போதுபோல, சாலோமியின் மூச்சு தானாக நின்றது. ஒரு நாள் சாக்கை எடுத்து முற்றத்தில் உதறிக் காயப்போட்டாள். சாரம்மாள் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகு இரண்டு மூன்று படங்கள் பத்திரிகையில் வந்தன. எல்லாம் புருஷன் பெயரிலேயே வந்தன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதிமூன்றாம் வருஷம், வைகாசி வாக்கில், மறுபடியும் நாள் தள்ளிப்போயிற்று.

மேலப்பாளையத்து மருத்துவச்சி ஆபிதா பீவி வந்து பார்த்தாள். முதல் பிள்ளையைக் கையில் ஏந்தியவளும் அவள்தான். நாற்பது வயதிருக்கும், போர்த்திவந்த வெள்ளைத் துப்பட்டியை வாசலில் மடித்து வைத்துவிட்டு வந்தால், கையைக் கழுவாமல் எதையும் தொடமாட்டாள்.

“பெட்டியத் திரும்ப உள்ள தள்ளிருவோம். போனதடவை பட்டது போதாதா?” என்றாள் சாரம்மாள்.

ஆபிதா பீவி சாலோமியின் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. “போனதடவை பிள்ளை கழுத்துல கொடி சுத்தியிருந்துச்சு. வண்டி சுத்தல. கேமராவும் சுத்தல.”

“இதை ஏன் இத்தன நாளாச் சொல்லல நீ?”

“அன்னைக்கே சொன்னேன். அன்னைக்கு இந்த வீட்டுல யாருக்குக் காது கேட்டுச்சு?”

சாரம்மாள் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். “அப்பம் வண்டியேறிப் போகலாம்ங்கியா?”

“பைய போகலாம். அசந்துச்சுன்னா படுத்துறணும். அம்புட்டுத்தான்.”

சாலோமியின் காது அதைக் கேட்டுக்கொண்டது. வயிறு கேட்டுக்கொள்ளவில்லை. பிள்ளைக்கென்று ஒரு சின்னத் துணிகூட அவள் தைக்கவில்லை. தொட்டில் கம்பைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. பிள்ளை அசைய ஆரம்பித்த பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. காலையில் எழுந்ததும், கண்ணைத் திறக்குமுன், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். ஒரு உதை வந்த பிறகுதான் அவளுக்குப் பொழுது விடியும்.

வேலையை மட்டும் விடவில்லை. தூரமான இடங்களுக்குப் போவதை நிறுத்தி, ஆற்றங்கரை, சந்தை, தேரடி என்று கிட்டத்தில் எடுத்தாள். படம் பதிந்த கண்ணாடித் தகடுகளைக் கழுவும் மருந்தின் நெடி அவளுக்குக் குமட்டியது. அதனால் சத்தியநேசன் அந்த வேலையைக் கற்றுக்கொண்டான். சாமான் அறையில் சிவப்பு விளக்கை வைத்துக்கொண்டு அவன் உள்ளே நிற்பான். அவள் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, இப்போது எடு, இப்போது அலசு என்று சொல்வாள். முதலில் சில தகடுகளைப் பாழாக்கினான். பிறகு கை வந்தது.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. மலையில் கொட்டியதெல்லாம் ஆற்றில் இறங்கி, தாமிரபரணி செக்கச் செவேலென்று கரையை முட்டிக்கொண்டு ஓடியது. ஆபிதா பீவி வருவதாகச் சொல்லியிருந்த காலையில் அவள் வரவில்லை. பால்காரி வந்தாள்.

“மேலப்பாளையத்துல பாளையங்கால் உடைச்சுக்கிட்டாம்மா. ஆம்பளையாள் பூரா விடியங்காட்டியே பெரிய குளத்துக் கரையக் காக்கப் போயிட்டாக. அங்கன கால்வாய்க்கரைத் தெருவுல பொம்பளைய மட்டும் நிக்காக.”

ஆபிதா பீவியின் வீடு அந்தத் தெருவில்தான். பாளையங்கால் ஆற்றிலிருந்து பிரிந்து வரும் கால்வாய்; அதன் கரைக்குக் கீழே நெசவுக்காரர் வீடுகள்.

சாலோமி உள்ளே போய்ப் பெட்டியை இழுத்தாள். சாரம்மாள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏட்டி, எங்க கெளம்புத?”

“அத்தை, அங்கன என்ன நடக்குதுன்னு பாக்கணும். ஆபிதாக்கா என்ன ஆனான்னும் தெரியல.”

“ஏழு மாசச் சூலி. வழியெல்லாம் சகதி. நேசன் பள்ளிக்கூடத்துல இருக்கான். நான் விடமாட்டேன்.”

“விடலைன்னா இருக்கேன் அத்தை. ஆனா நாளைக்கு வேற யாராவது என்னத்தையாவது சொல்லுவாக. அங்கன நடந்தது இதுதான்னு காட்ட ஒருத்தரும் இருக்கமாட்டாக.”

மாமியார் மருமகளை மேலும் கீழும் பார்த்தாள். கதவருகே சாத்தியிருந்த முக்காலியைப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு முக்காலியைத் தோளில் வைத்தாள்.

“உன்னத் தனியா அனுப்பிட்டு இங்கன உக்காந்து செபம் பண்ண எனக்குத் தெம்பில்ல. வா. வண்டிக்காரன்கிட்ட பைய ஓட்டச் சொல்லு.”

மழை விட்டிருந்தது. வானம் ஈயம் பூசினதுபோல மங்கிக் கிடந்தது. கால்வாய்க்கரைத் தெருவுக்குள் வண்டி திரும்பியதும் சாலோமி கூண்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

கரையில் ஒரு வண்டி நுழையும் அளவுக்கு உடைப்பு. தெருவில் முழங்கால் தண்ணீர். வீடுகளுக்குள் தறிக்குழிகள் நிரம்பி, பாதி நெய்த சேலைகள் மிதந்தன. வெளியே ஒரு அடி எடுத்து வைப்பதென்றாலும் துப்பட்டியால் போர்த்திக்கொண்டு வரும் அந்தத் தெருப் பெண்கள், அதே துப்பட்டிகளை அவிழ்த்து, ஆற்றுமணலை அள்ளிப் போட்டு மூட்டையாகக் கட்டி, கைக்குக் கை மாற்றி உடைப்பில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மணல் மேட்டிலிருந்து கரைவரை ஒரே வரிசை. கிழவிகள், கல்யாணமாகாத பெண்கள், இடுப்புப் பிள்ளையை யாரிடமோ விட்டுவிட்டு வந்தவர்கள். உடைப்பில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மூட்டைகளை மிதித்து அமுக்கியவர்களில் ஆபிதா பீவியும் ஒருத்தி.

அவள் சாலோமியைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். வரிசையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

“மவளே,” என்று கத்தினாள் ஆபிதா பீவி, “முகம் விழாம எடுக்க முடியுமா?”

“முடியும் அக்கா. முதுகுப்பக்கம் போறேன். ஒரு முகமும் விழாது.”

ஆபிதா பீவி வரிசையைப் பார்த்து ஏதோ சொன்னாள். முணுமுணுப்பு நின்றது. வேலை நிற்கவே இல்லை.

முதுகுப்பக்கம் போனால் தரை களியாக இருந்தது. முக்காலி ஒரு பக்கமாகப் புதைந்தது. சாரம்மாள் விழுந்து கிடந்த கூரையோடுகளைப் பொறுக்கி வந்து கால்களுக்கு அடியில் கொடுத்துவிட்டு, மண்டியிட்டு முக்காலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். சாலோமி கருப்புத் துணிக்குள் தலையை நுழைத்தாள். கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது: மேலே தெரு, கீழே வானம், நடுவில் வெள்ளை மூட்டைகளின் வரிசை.

வெளிச்சம் போதாது. லென்ஸைக் கொஞ்சம் நேரம் திறந்து வைத்தால்தான் தகட்டில் படம் விழும். அவ்வளவு நேரம் யாரும் அசையாமல் நிற்கமாட்டார்கள். நிற்கச் சொல்லவும் முடியாது. நின்றால் தண்ணீர் நிற்காது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வரிசையின் முனையில் ஒரு கிழவி ‘பிஸ்மில்லா’ என்று குரல் கொடுத்தாள். குரலுக்கு ஒரு கை மாற்றம். மாற்றி வாங்கிய பிறகு, அடுத்த குரல் வரும்வரை, எல்லாரும் மூட்டையை மாரோடு அணைத்துக்கொண்டு ஒரு மூச்சு வாங்கினார்கள். அந்த ஒரு மூச்சு நேரம் வரிசை முழுவதும் கல்லாக நின்றது.

அது போதும். சாலோமி குரலுக்குக் காத்திருந்தாள். பிஸ்மில்லா. கை மாறியது. அவள் திறந்தாள், மூடினாள். தகட்டை மாற்றினாள். மறுபடியும் குரலுக்குக் காத்திருந்தாள். கொண்டுவந்த தகடுகள் தீரும்வரை அவளுக்குத் தன் உடம்பு என்று ஒன்று இருந்ததே நினைவில்லை.

பெட்டியை மூடியபோதுதான் நினைவு வந்தது. காலையிலிருந்து உதை இல்லை. பால்காரி வந்த அவசரத்தில் அவள் வயிற்றில் கை வைக்கவே இல்லை. இப்போது வைத்தாள். ஒன்றுமில்லை. அழுத்தினாள். ஒன்றுமில்லை.

“அத்தை,” என்றாள்.

சாரம்மாள் அவள் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் விஷயத்தைப் புரிந்துகொண்டாள். மருமகளைத் தாங்கிக் கொண்டுபோய் வண்டியில் படுக்கவைத்துவிட்டு, தண்ணீரில் இறங்கி ஆபிதா பீவியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். மருத்துவச்சி யாரோ கொடுத்த செம்புத் தண்ணீரில் சகதிக் கையைக் கழுவினாள். அந்த நேரத்திலும் அவசரப்படாமல், முழங்கைவரை கழுவினாள். வயிற்றை இரண்டு பக்கமும் பிடித்துப் பார்த்தாள். பிறகு குனிந்து காதை வைத்தாள். சாலோமி வண்டிக்கூண்டின் மூங்கிலைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஒரே ஒரு நினைப்புத்தான் ஓடியது: படம் எடுத்தேனே, எடுத்தேனே.

ஆபிதா பீவி வேறு இடத்தில் காதை வைத்தாள். நெடுநேரம் வைத்திருந்தாள். நிமிர்ந்தபோது அவள் கன்னத்துச் சகதி சாலோமியின் சேலையில் ஒட்டியிருந்தது.

“குருவி நெஞ்சு மாதிரி அடிக்கு. தூங்குது மவளே. காலையில என்ன சாப்பிட்ட?”

“ஒண்ணும் சாப்பிடல.”

“பெறகு அதுவும் என்ன செய்யும்? பட்டினியில சுருண்டு கெடக்கு.”

ஏதோ ஒரு வீட்டிலிருந்து கருப்பட்டி கரைத்த வெந்நீர் வந்தது. சாலோமி குடித்தாள். ஒருக்களித்துப் படுத்தாள். சாரம்மாள் மருமகளின் வயிற்றில் தன் கையை வைத்துக்கொண்டு, உதடு அசையாமல் செபம் பண்ணினாள். கொஞ்சம் பொறுத்து, அந்தக் கையில்தான் உதை விழுந்தது. நல்ல உதை. சாரம்மாள் கையை எடுக்காமலே அழுதாள். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மாமியார் அழுது சாலோமி பார்த்ததில்லை. முதல் பிள்ளையை அடக்கம் பண்ணிய அன்றுகூடப் பார்த்ததில்லை.

“நான்தான் அந்தச் சாக்கப் போட்டு மூடினேன். எனக்குப் பயமா இருந்துச்சுட்டி. உன் மேல கோவமில்ல.”

“எனக்கும் பயம்தான் அத்தை.”

ஆபிதா பீவி அவர்களை அப்படியே விட்டுவிட்டு உடைப்புக்குத் திரும்பிப் போனாள். மதியத்துக்குமேல் பெரிய குளத்திலிருந்து ஆண்கள் ஓடிவந்தபோது உடைப்பு அடைபட்டிருந்தது. அவர்களுக்கு மண் போட்டு மெழுகுகிற வேலைதான் மிச்சம்.

அன்று சாயங்காலம் சத்தியநேசன் சாமான் அறையில் தகடுகளைக் கழுவினான். சாலோமி வெளியே சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தபடி சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு தகட்டைக் கழுவும்போது அறைக்குள்ளிருந்து நெடுநேரம் சத்தமே இல்லை.

“என்னங்க, பாழாப்போச்சா?”

“இல்ல.” அவன் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. “நீ வந்து பாரு.”

மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு போய்ப் பார்த்தாள். பெண்களின் முதுகுகள், ஈரத்தில் ஒட்டிய ரவிக்கைகள், மாரோடு அணைத்து, ஒவ்வொரு விலாவுக்கும் வெளியே பிதுங்கித் தெரிந்த மூட்டை. கரைக்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்குத் தண்ணீர். ஒரு முகம் இல்லை. ஆனால் பார்த்தவர்களுக்கு எல்லா முகமும் தெரியும்.

மறுநாள் பார்சல் கட்டும்போது படத்தின் பின்பக்கம் அவளே எழுதினாள்: ‘படம்: சாலோமி சத்தியநேசன், பாளையங்கோட்டை.’

இதற்குள் ஊரில் வேறு கதை நடக்க ஆரம்பித்திருந்தது. அப்பாத்துரை என்ற காண்டிராக்டர், கரை உடைந்த அன்று அந்தி மயங்கும் நேரத்தில் கூலியாட்களோடு வந்து கரைமேல் நாலு கூடை மண்ணைப் போட்டுவிட்டுப் போனவர். பாளையங்கால் உடைப்பை அடைத்து மேலப்பாளையத்தைக் காப்பாற்றியவர் அவர்தான் என்று பேச்சாகி, அவருக்குப் பாராட்டுக் கூட்டம் நடத்த நாள்கூடக் குறித்தார்கள். கால்வாய்க்கரைத் தெரு ஆண்கள் போய்ச் சொன்னதற்கு, வெளியே முகம் காட்டாத கோஷாப் பெண்கள் கரையடைத்தார்களா என்று சிரித்தார்கள்.

சென்னையிலிருந்து ஆசிரியர் சத்தியநேசனுக்கு எழுதிக் கேட்டார்: படத்தின் பின்னால் மனைவியார் பெயர் தவறுதலாக எழுதப்பட்டிருக்கிறதா? சத்தியநேசன் ஒரு கார்டில் பதில் போட்டான். ‘இது தவறில்லை. இதற்கு முன் வந்தவைதான் தவறு.’

பத்திரிகை வந்தபோது படம் ஒரு பக்கம் முழுக்க இருந்தது. ரயில் ஸ்டேஷனுக்கு வந்த பிரதிகள் அரைநாளில் தீர்ந்தன. வாசிக்கத் தெரியாதவர்களும் வாங்கிப் பார்த்தார்கள். அந்தப் படத்துக்கு வாசிப்பு தேவைப்படவில்லை. பாராட்டுக் கூட்டத்தைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை. பெரிய அதிகாரி ஒருவர் கால்வாய்க்கரைத் தெருவுக்கு வந்து கரையைப் பார்த்தார். அடுத்த மழைக்குமுன் அங்கே கல் பதித்துக் கட்டிக்கொடுக்க உத்தரவானது. பிரதி ஒன்று ஆபிதா பீவி வீட்டுக்கும் போயிற்று. தெருப் பெண்கள் அதைத் தரையில் விரித்துச் சுற்றி உட்கார்ந்து, இது என் முதுகு, இது உன் முதுகு என்று பகல் முழுக்கச் சண்டை போட்டார்களாம்.

சாலோமி தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். மை கொஞ்சம் விரலில் ஒட்டியது. அன்றைக்குத்தான் துணிப்பெட்டியிலிருந்து பழைய வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து, சின்னதாக வெட்டி, தைக்க உட்கார்ந்தாள். சாரம்மாள் ஊசியில் நூல் கோத்துக்கொடுத்தாள்.

தை மாதத்தில் ஒரு பகல்பொழுதில் வலி எடுத்தது. ஆபிதா பீவி வந்தாள், கையைக் கழுவினாள், கதவைச் சாத்தினாள். சத்தியநேசன் முற்றத்தில் பூகோளப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி நின்றான். உள்ளே சாலோமி மாமியாரின் கையை நெரித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு நிசப்தம் வந்தது. அந்த நிசப்தம் அவளுக்குத் தெரியும். ஒருமுறை கேட்டிருக்கிறாள். தலையைத் தூக்கிப் பார்க்கத் தைரியமில்லாமல் கண்ணை இறுக்கி மூடினாள்.

முதலில் ஒரு தும்மல் கேட்டது. அப்புறம் ஒரு இருமல். அப்புறம் தெருக்கோடிவரை கேட்கும் அழுகை.

“பொம்பளப் பிள்ளை,” என்றாள் ஆபிதா பீவி. “தொண்டை நல்ல தொண்டை. கரையடைக்க ஆளக் கூப்பிட ஒதவும்.”

ஞானகிருபை என்று பெயர் வைத்தார்கள். தாய்க்குப் பால் நன்றாக ஊறியது. பிள்ளைக்குக் கழுத்து நிற்கத் தொடங்கிய சமயம், ஆசிரியரிடமிருந்து தந்தி வந்தது. இந்தமுறை அது அவள் பெயருக்கே வந்தது. பாபநாசத்துச் சித்திரை விஷுத் திருவிழாவையும், அங்கே கூடும் ஜனத்தையும் படம் எடுத்து அனுப்ப முடியுமா?

சாலோமி தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு மாமியாரைப் பார்த்தாள்.

“என்னத்தப் பாக்குத? பிள்ளைக்கு மாத்துத்துணி கூட நாலு எடுத்துக்கோ,” என்றாள் சாரம்மாள். “நமக்குக் கோயில் வேண்டாம். ஆத்தங்கரை எல்லாருக்கும் பொதுதானே.”

விஷு அன்று படித்துறையில் தலைகள்தான் தெரிந்தன. மலையிலிருந்து இறங்கிய தண்ணீர் கண்ணாடியாக ஓடியது. படித்துறைக்கு மேலே, முழுக்கூட்டமும் தெரிகிற ஒரு பாறைத் திட்டைச் சாலோமி தேர்ந்தெடுத்தாள். முக்காலியை விரித்துக்கொண்டிருந்தபோது போலீஸ்காரர் ஒருவர் வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

“ஏம்மா, பச்சப்பிள்ளையோட இங்கன நிக்கக்கூடாது. கீழ எறங்குங்க. இந்த எடத்த விட்டுவைக்கச் சொல்லி உத்தரவு. பத்திரிகைக்காரர் ஒருத்தர் வாராராம்.”

சாலோமி வாயைத் திறக்குமுன், தோளில் பேத்தியைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த சாரம்மாள் முன்னால் வந்தாள்.

“அவ வந்துட்டா வே. கொஞ்சம் ஒதுங்கி நில்லும், உம்ம தலைப்பா மறைக்குது.”

போலீஸ்காரர் சாலோமியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பிறகு தலைப்பாவைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். சாலோமி கருப்புத் துணிக்குள் தலையை நுழைத்தாள். கீழே அத்தனை ஜனமும் ஒரே சமயத்தில் தண்ணீரில் முங்கி எழுந்தது.